கனடாவில் முதல் வேலை: யார் சாட்சி சொல்வது?

டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பொது நூலகம். குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவருக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுக்க அங்கே உட்கார்ந்தேன். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். எம்.இ. படித்தவர். பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கிக்கொண்டு மனைவி, குழந்தையோடு வந்து இறங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. பென் டிரைவில் இரண்டு ஃபைல் வைத்திருந்தார். ஒன்றுக்கு 'குவாலிட்டி' என்று பெயர், மற்றதற்கு 'வேர்ஹவுஸ்'. முதல் ஃபைலில் எல்லாம் இருந்தது. இரண்டாவதில் எம்.இ. இல்லை, பி.இ.யும் இல்லை. பதினோரு வருஷமும் 'தொழிற்சாலைப் பணியாளர்' என்று ஒரே வரியில் முடிந்திருந்தது.

"படிப்பைப் போட்டா கூப்பிடவே மாட்டேங்கிறாங்க. எடுத்துட்டு அனுப்பினேன், மூணாம் நாள் ஃபோன் வந்துடுச்சு" என்றார். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எந்தப் படிப்பை அவர் மறைக்க வேண்டியிருந்ததோ, அந்தப் படிப்புக்காகத்தான் கனடா அவரை உள்ளே விட்டது. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், புதிதாக வருபவர்கள் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொண்டு சோர்ந்து போவது கொஞ்சமாவது குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கனடா 1967-இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு ஆள் எடுப்பது. 2015 ஜனவரியிலிருந்து அது எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வரிசையாக மாறியது. 1200-க்கு எத்தனை என்று கணக்குப் போட்டு, மேலே இருப்பவர்களை முதலில் அழைக்கிறார்கள். சரி, நியாயமான முறைதான். ஆனால் புள்ளி போடுவது ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு. வேலை கொடுப்பது மிசிசாகாவிலோ மார்க்கமிலோ ஒரு கம்பெனியில் இருக்கும் மேனேஜர். நீங்கள் எத்தனை புள்ளி வாங்கினீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அவருடைய கவலையே வேறு.

நம் ஆட்கள் பலர் இங்கே ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வெஸ் மாதிரியான நிறுவனத்திடம் பட்டத்தைக் கொடுத்து மதிப்பீட்டு அறிக்கை வாங்குகிறோம் அல்லவா? 'இது கனடாவின் இளநிலைப் பட்டத்துக்குச் சமம்' என்று அதில் வந்ததும், நம் படிப்பை இந்த நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். குடியேற்றத் துறை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். டாக்டர், நர்ஸ், ஆசிரியர், வக்கீல் போன்ற வேலைகளுக்கு உரிமம் கொடுப்பது மாகாணத்தில் இருக்கும் அந்தந்தத் தொழிலின் அமைப்பு. அவர்களுக்கு வேறு தேர்வு, வேறு விதி. உரிமம் தேவைப்படாத சாதாரண ஆபீஸ் வேலைக்கோ அந்த அறிக்கையைக் கேட்பவர்கள் குறைவு.

முதலாளியின் கவலை என்ன என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. டொரான்டோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் ஒரியோபூலஸ், 2011-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சுமார் 13,000 ரெஸ்யூமேக்களைத் தயாரித்து, டொரான்டோ பகுதியில் ஆன்லைனில் வந்த வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். சிலவற்றில் ஆங்கிலப் பெயர், சிலவற்றில் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர். சிலவற்றில் கனடாவில் வேலை பார்த்த அனுபவம், சிலவற்றில் வெளிநாட்டு அனுபவம் மட்டும். ஆங்கிலப் பெயருக்கு வந்த அளவுக்கு, தகுதி ஒன்றாக இருந்தும், மற்ற பெயர்களுக்கு அழைப்பு வரவில்லை. வெளிநாட்டு அனுபவம் மட்டுமே இருந்த ரெஸ்யூமேக்களுக்கு அழைப்பு இன்னும் குறைந்தது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதற்கு அடுத்த பகுதி. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டபோது, ஆள் எடுப்பவர்கள் மொழிப் பிரச்சினையைக் காரணம் காட்டினார்கள். ஆனால் சில ரெஸ்யூமேக்களில் ஆங்கிலம் சரளமாக வரும் என்று எழுதியே இருந்தது. பன்னாட்டுக் கம்பெனி அனுபவமும், பெயர் பெற்ற கல்லூரியும்கூடப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் அந்த இடைவெளியைக் குறைக்கவில்லை. அப்படியென்றால் மொழி மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெயரைப் பார்த்து ஒதுக்குவது பாகுபாடுதான், அதை மென்மையான சொல்லால் மூட நான் தயாராக இல்லை. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். முன்பின் தெரியாத ஆளை எடுக்கும் பயம்.

மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கையில் இருநூறு ரெஸ்யூமே. ஒன்றில் கல்லூரிப் பெயர் தெரியாது, கம்பெனிப் பெயரும் தெரியாது. விசாரிக்க வேண்டும் என்றால் சென்னைக்கு ஃபோன் போட வேண்டும். கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே காலையில் ஆபீஸ் திறக்கும்போது அங்கே பொழுது சாய்ந்திருக்கும். பக்கத்து ரெஸ்யூமேயில் இருப்பவரோ அடுத்த தெருக் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தவர். ஒரு ஃபோனில் விஷயம் முடிந்துவிடும். 'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்' என்று புதிதாக வருபவரை மிரட்டும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான். உங்களைத் தெரிந்த, உள்ளூரில் இருக்கிற, ஃபோன் எடுக்கிற ஒரு சாட்சி.

எனக்கு இது புரிந்த விதத்தையும் சொல்கிறேன். வந்த புதிதில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் இரவு துப்புரவு வேலை பார்த்தேன். சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர், வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர். நான் பகலில் கணக்கு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் குப்பைப் பை கட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ரெஃபரன்ஸுக்கு என்ர நம்பரைப் போடும். ஃபோன் எடுத்தா நான் வடிவாக் கதைக்கிறன்." எனக்குக் கூச்சமாக இருந்தது. கணக்கு வேலைக்குத் துப்புரவு சூப்பர்வைசர் என்ன சொல்லிவிட முடியும்? அப்புறம் வேறு ஆள் இல்லாததால் போட்டேன். வேலை கிடைத்தது. சேர்ந்து சில வாரம் கழித்து, என்னை வேலைக்கு எடுத்த பெண்மணி பேச்சுவாக்கில் சொன்னார்: "ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட நீங்கள் தாமதமாக வந்ததில்லை, பனிப்புயல் அன்றுகூட வந்தீர்கள் என்று உங்கள் சூப்பர்வைசர் சொன்னார்." எனக்குக் கணக்கு தெரியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

இந்தத் தடையைச் சட்டம் கவனிக்காமல் இல்லை. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. கனடா அனுபவம் இருந்தே ஆக வேண்டும் என்று கறாராகக் கேட்பது, மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று அதில் சொன்னது. தொழில் உரிமம் கொடுக்கும் அமைப்புகளுக்கு அடுத்த அழுத்தம் வந்தது. ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமம் வாங்க, கனடாவில் ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. உரிமம் இல்லாமல் அனுபவம் கிடைக்காது, அனுபவம் இல்லாமல் உரிமம் கிடைக்காது. எத்தனை பேர் இந்தச் சுழலில் சிக்கி டாக்ஸி ஓட்டப் போனார்கள்! 2023 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அனுபவம் வேண்டும், ஆனால் அது எந்த நாட்டிலும் இருக்கலாம் என்று ஆனது.

2026 ஜனவரி 1 முதல் இன்னொரு மாற்றம். ஒன்டாரியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், பொது வேலை விளம்பரத்தில் 'கனடா அனுபவம் தேவை' என்று எழுதக் கூடாது. சம்பள வரம்பையும் போட வேண்டும். நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் விளம்பரத்திலிருந்து ஒரு வரியை எடுக்கத்தான் சட்டத்தால் முடியும். ரெஸ்யூமேயை ஆறு விநாடி பார்த்துவிட்டு ஓரமாக வைக்கும் கையை எந்தச் சட்டம் போய்ப் பிடிக்கும்?

மாணவர்களாக வந்தவர்களின் சிக்கல் வேறு வகை. அவர்களுக்கும் முதல் வேலையில் ஒரு கண்ணி இருக்கிறது. கனடாவின் வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 5 வரை ஒரு நிலை உண்டு. டீர் (TEER) என்பார்கள். படித்து முடித்து, இங்கே வேலை பார்த்து, கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் வழியாகப் பிஆர் கேட்க வேண்டும் என்றால், 0 முதல் 3 வரை உள்ள நிலையில் ஒரு வருஷ அனுபவம் வேண்டும். டோனட் கடைக் கவுன்டரும் வேர்ஹவுஸில் சரக்கு ஏற்றி இறக்குவதும் ஐந்தாம் நிலை. செக்யூரிட்டி வேலை நான்காம் நிலை. முழு நேரமாக மூன்று வருஷம் கவுன்டரில் நின்றாலும் அந்தக் கணக்கில் அது பூஜ்யம். அதே கடையில் சூப்பர்வைசர் ஆனால் இரண்டாம் நிலை, முழுக் கணக்கு. 'ஃபுட் சர்வீஸ் சூப்பர்வைசர்' வேலைக்கு நம் பிள்ளைகள் ஏன் அப்படி அலைகிறார்கள் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. காரணம் இதுதான். படிக்கும் காலத்தில் பார்த்த பகுதி நேர வேலையும் இதில் சேராது.

அந்த ஆசையை வைத்து ஒரு வியாபாரமே நடந்தது. வேலைக் கடிதத்தைக் காசுக்கு விற்பது. முன்பு முறையான வேலைக் கடிதம் இருந்தால் 50 அல்லது 200 புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. அதனால் அந்தக் காகிதத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை வந்தது. 2025 மார்ச்சில் அரசு அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டது. ஆனாலும் வேறு வேறு வடிவத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வேலை வாங்கப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்டாரியோவில் வெளிநாட்டுத் தொழிலாளரிடம் ஆள்பிடிப்பவர் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம். 'இரண்டு நாள் சும்மா வேலை செய்து காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறேன்' என்று உணவகத்தில் சொன்னால், அதுவும் சட்டப்படி தப்பு. செய்த மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு. 2025 அக்டோபரில் ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர் ஆனது.

கையில் காசாகக் கொடுக்கும் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்கு எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வாடகை காத்திருக்காது. ஆனால் அதில் சம்பளச் சீட்டு கிடையாது, வரிப் படிவம் கிடையாது. நாளைக்கு 'ஆமாம், இவர் என்னிடம் வேலை பார்த்தார்' என்று சொல்ல அந்த முதலாளி முன்வரவும் மாட்டார். உழைப்பு போய்விடும், சாட்சியும் மிஞ்சாது.

நூலகத்து நண்பரிடம் திரும்புகிறேன். ரெஸ்யூமே முடிந்ததும் ஒரு மாதிரி நேர்காணல் நடத்திப் பார்த்தோம். 'வேலையில் வந்த ஒரு சிக்கலை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள்?' இங்கே எல்லா நேர்காணலிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும் கேள்வி. அவருடைய ஆங்கிலத்தில் குறையே இல்லை. சொன்ன பதிலின் சாரம் இது: லைனில் ரிஜெக்‌ஷன் அதிகமாக வந்தது, டீமாக உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தோம், மேனேஜர் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தார், சரியாகிவிட்டது.

"காரணத்தைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"எப்படி?"

அப்புறம்தான் கதை வந்தது. ஓசூரில் சப்ளையரின் ஷெட்டில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறார். கொசுக்கடிக்கு நடுவே ஒவ்வொரு பாகமாக அளந்து பார்த்து, பிரச்சினை பாகத்தில் இல்லை, அளக்கும் கேஜே தேய்ந்துபோயிருக்கிறது என்று பிடித்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே எழுந்து கைகொடுக்கத் தோன்றியது. இதை ஏன் சொல்லவில்லை என்றால், "எப்படிங்க, நானே நான் பண்ணேன்னு சொல்றது?" என்கிறார்.

நம்மை வளர்த்த விதம் அப்படி. 'நான் செய்தேன்' என்றால் தற்பெருமை, 'நாங்கள் செய்தோம்' என்றால் பண்பு. இங்கே நேர்காணல் எடுப்பவர் 'நாங்கள்' என்ற சொல்லைக் கேட்டதும், இவர் கூட்டத்தோடு நின்றவர் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவர் மேலும் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்கும். ஓசூர் கதையை 'நான்' என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் சொல்ல நண்பருக்கு நான்கு சனிக்கிழமை பிடித்தது. முதல் சனிக்கிழமை அவர் முகம் சிவந்ததைப் பார்த்தபோது, நாம் இவரிடம் கேட்பது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா என்பதையெல்லாம் ரெஸ்யூமேயில் போடக் கூடாது, இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்குப் புள்ளி எதுவும் இருக்கவில்லை. 1983-க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அகதிகளாக வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அப்படி வந்த தலைமுறையில் பலருக்கும் முதல் வேலை உணவகச் சமையலறையிலோ தொழிற்சாலையிலோ துப்புரவிலோதான் கிடைத்தது. அங்கே அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மரியாதையோடு நினைக்கிறேன். உள்ளே போன ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டார். 'நல்ல பொடியன், நான் பொறுப்பு' என்று முதலாளியிடம் பேசினார். ஒருவருக்கொருவர் சாட்சி ஆனார்கள். அடையாளம் தெரியாத நாட்டில் அடையாளத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். என் கரவெட்டி அண்ணன் செய்ததும் அதைத்தான்.

இந்த வழிக்கு ஒரு எல்லையும் உண்டு. தெரிந்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவரால் உங்களைக் கூட்டிப்போக முடியும். வேர்ஹவுஸில் இருப்பவர் வேர்ஹவுஸுக்கு வழி காட்டுவார். 2021 கணக்கெடுப்பை வைத்து கனடா புள்ளியியல் துறை சொன்னது இது: வெளிநாட்டில் பட்டம் வாங்கிய குடியேறிகளில் கால்வாசிப் பேருக்கு மேல், பள்ளிப் படிப்பே போதுமான வேலைகளில் இருக்கிறார்கள். முதல் வேலை அப்படி இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆறாவது வருஷமும் அங்கேயே இருப்பதுதான் கவலை. பகலெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பிக்க உடம்பில் தெம்பு இருக்காது. கணவன் பகல் ஷிஃப்ட், மனைவி இரவு ஷிஃப்ட் என்று குழந்தையைக் கைமாற்றும் வீடுகளில் இன்னும் கஷ்டம். அந்த வீடுகளில் பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது மனைவியின் தொழில்தான் என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கசந்திருக்கிறது.

அதனால் வேர்ஹவுஸ் ரெஸ்யூமேயோடு நிறுத்திவிடாமல், உங்கள் தொழிலில் இருக்கும் ஒரே ஒரு உள்ளூர்க்காரரையாவது சீக்கிரம் சம்பாதிக்கப் பாருங்கள். புதிதாக வந்தவர்களை அதே துறையில் இருப்பவரோடு சில மாதம் இணைத்துவிடும் வழிகாட்டித் திட்டங்களும், வெளிநாட்டுத் தகுதியை இங்கத்திய வேலைக்கு ஏற்றதாக்கும் தொழில்சார்ந்த பிரிட்ஜிங் படிப்புகளும் டொரான்டோ பகுதியில் இருக்கின்றன. அரசு உதவி பெறும் குடியேற்ற சேவை மையங்களில் பிஆர் வைத்திருப்பவர்களுக்குக் காசு கேட்க மாட்டார்கள். சில நூலகக் கிளைகளிலேயே ஆலோசகர் உட்கார்ந்திருப்பார். இங்கே 'காபி சாட்' என்று ஒரு வழக்கம் உண்டு. உங்கள் துறையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, இருபது நிமிஷம் பேச முடியுமா என்று எழுதிக் கேட்கலாம். பத்துப் பேரில் ஒருவர் சரி என்பார். அந்தப் பேச்சில் வேலை கேட்கக் கூடாது, வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். நமக்கு இது சுற்றிவளைப்பதாகத் தெரியும். அவர்களுக்கோ இது ஆளைப் பழகிப் பார்க்கும் வழி.

நண்பர் முதலில் போனது வேர்ஹவுஸுக்குத்தான். ஏஜென்சி வழியாக, காலை ஆறு மணி ஷிஃப்ட். ஏழாவது மாதம் பிராம்ப்டனில் ஒரு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஆலையில் தர ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒரகடத்தில் பார்த்த வேலைக்கு இரண்டு படி கீழே. ஓசூர் கதையைச் சொன்னாராம். பிறகு அவர்கள் வேர்ஹவுஸில் அவருடைய ஷிஃப்டை மேய்த்த லீடுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார்கள்.

அந்த லீடின் நம்பரை நண்பர் முன்பே வாங்கி வைத்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்சி வேலையில் உங்கள் பெயர் ஏஜென்சியின் கணக்கில்தான் இருக்கும். பெரிய கம்பெனிகளில் ஹெச்ஆரைக் கேட்டால் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் மட்டுமே சொல்வார்கள். உங்களோடு நின்று வேலை வாங்கியவர்தான் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று சொல்லக்கூடியவர். ஆட்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது, இன்றைக்கு இருக்கும் லீட் அடுத்த மாதம் இருக்க மாட்டார். அதனால் வேலையை விடும் நாள்வரை காத்திருக்காமல், பழக்கமான இரண்டாவது மூன்றாவது மாதத்திலேயே, ரெஃபரன்ஸாகப் பெயர் போட்டுக்கொள்ளலாமா என்று நேரடியாகக் கேட்டு, முழுப்பெயர், சொந்த கைப்பேசி எண், சொந்த ஈமெயில் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.